பரீட்சை இல்லாத படிப்பா? இங்கிலாந்தில் அப்ளைட் சயின்ஸ் உண்மையில் எப்படி நடக்கிறது

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வியாழக்கிழமை இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வின் முடிவுகள் வரும். அன்று ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் போன் ஓயாது. அறிவியலில் 7, 8 எடுத்த பிள்ளை என்றால் (9தான் மிக உயர்ந்த தரம்) பேச்சே இல்லை, பல்கலைக்கழகத்துக்கான வழக்கமான பாதையான ஏ லெவல்தான். 5 எடுத்த பிள்ளையிடம்தான் கல்லூரி வேறொரு பாடத்தின் பெயரைச் சொல்லும்: அப்ளைட் சயின்ஸ். “அதுக்குப் பரீட்சை இல்லையாம் தம்பி, வீட்டில இருந்து எழுதிக் குடுத்தாக் காணுமாம்” என்று சொல்ல ஒரு அன்ரி எப்படியும் இருப்பார். இந்த ஒரு பேச்சை நம்பிச் சிலர் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். இதே பேச்சை நம்பிச் சிலர் வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு முடிவுக்கும் அடிப்படை பிழை. இந்தப் படிப்பில் பரீட்சை உண்டு. அதைவிட முக்கியமாக, பரீட்சை இல்லாத பகுதிதான் இதில் கஷ்டமான பகுதி. ஏன் அப்படி என்று விளக்குவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இங்கிலாந்தில் 16 வயதிலிருந்து 18 வரையிலான இரண்டு ஆண்டுகள் சிக்ஸ்த் ஃபார்ம். அங்கே அப்ளைட் சயின்ஸைப் பெரும்பாலும் பீடெக் என்ற தகுதியாகப் படிப்பார்கள். இந்தியாவில் பொறியியல் பட்டமாக வாங்கும் பி.டெக்குக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான கல்வியைக் கவனித்த ஒரு கவுன்சிலும் வணிகக் கல்வியைக் கவனித்த இன்னொன்றும் 1984இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. அப்படி உருவான அமைப்பின் பெயர்ச் சுருக்கம்தான் பீடெக். 1996இல் அது லண்டன் பல்கலைக்கழகத் தேர்வு அமைப்போடு சேர்ந்து எடெக்செல் ஆனது. இன்று அது பியர்சன் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஏகியூஏ என்ற தேர்வு வாரியமும் இதே பெயரில் ஒரு படிப்பை வைத்திருந்தது. ஆனால் பேச்சுவழக்கில் அப்ளைட் சயின்ஸ் என்றால் பீடெக் என்றுதான் ஆகிவிட்டது. நானும் அதை வைத்தே பேசுகிறேன்.

ஏ லெவல் அளவுக்கு ஒப்பிட்டுச் சொன்னால், இந்தப் படிப்பு பல பருமன்களில் கிடைக்கும். ஒரு ஏ லெவலுக்குச் சமமானது எக்ஸ்டெண்டட் சர்டிஃபிகேட், வழிகாட்டப்பட்ட கற்றல் நேரம் 360 மணி. டிப்ளோமா இரண்டு ஏ லெவலுக்குச் சமம், 720 மணி. மூன்றுக்குச் சமமானது எக்ஸ்டெண்டட் டிப்ளோமா, 1080 மணி. அதாவது ஒரு பிள்ளை கணிதம், சைக்காலஜி இரண்டையும் ஏ லெவலாக எடுத்துக்கொண்டு மூன்றாவதாக அப்ளைட் சயின்ஸைச் சேர்க்கலாம். அல்லது இரண்டு வருடமும் இதை மட்டுமே படிக்கலாம்.

சரி, பரீட்சை எவ்வளவு? 2016இல் வந்த பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்டெண்டட் சர்டிஃபிகேட்டில் நான்கு யூனிட்கள். முதல் யூனிட் 90 மணி. உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றின் அடிப்படைகளிலும் எழுத்துத் தேர்வு, தாளைத் திருத்துவது வாரியம். இரண்டாவது யூனிட் ஆய்வகச் செய்முறைகள், அதுவும் 90 மணி. இதைத் திருத்துவது கல்லூரி. மூன்றாவது அறிவியல் ஆய்வுத் திறன், 120 மணி. வாரியம் கொடுக்கும் பரிசோதனையைக் கண்காணிப்பில் செய்து, அதை வைத்து எழுத்துத் தாளும் எழுத வேண்டும். இதைத் திருத்துவதும் வாரியம்தான். நான்காவது 60 மணி விருப்ப யூனிட். கூட்டிப் பாருங்கள்: 360இல் 210 மணி வெளியார் மதிப்பிடுவது. 58 சதவீதம். மூன்று ஏ லெவலுக்குச் சமமான பெரிய படிப்பில் இந்தப் பங்கு 42 சதவீதத்துக்கு இறங்கும், ஆனாலும் அது சின்னப் பங்கு இல்லை.

முன்பு நிலைமை இப்படி இருக்கவில்லை. ஒரு காலத்தில் பீடெக் முழுக்கவே கோர்ஸ்வொர்க்தான், அதாவது கல்லூரியே திருத்தும் ஒப்படைப்பு வேலை. பேராசிரியர் அலிசன் வுல்ஃப் 2011இல் தொழிற்கல்வி பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பிள்ளைகள் பெருந்தொகையாகச் சேர்ந்து படிக்கும் பல தகுதிகளுக்கு வேலைச் சந்தையில் மதிப்பு மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை என்று அதில் கடுமையாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு வந்த சீர்திருத்தங்களில்தான் வெளித் தேர்வு கட்டாயமானது. அன்ரி சொன்னது அவருடைய மூத்த மகன் படித்த காலத்தில் உண்மையாக இருந்திருக்கும்.

இனி அந்த 90 மணி இரண்டாம் யூனிட்டுக்குள் போவோம். படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதல் பணி டைட்ரேஷன்: செறிவு தெரிந்த கரைசலோடு வினைபுரிய விட்டு, இன்னொரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது. ஏ லெவல் வேதியியலிலும் இது உண்டு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்தவர்களுக்கும் இலங்கையில் உயர்தரம் படித்தவர்களுக்கும் பழகிய விஷயம். நீரற்ற சோடியம் கார்பனேட் 2.65 கிராம் நிறுத்து, கரைத்து, 250 கன செ.மீ. குடுவையில் கோடு வரை நிரப்பினால் 0.1 மோலார் கரைசல். அதில் 25 கன செ.மீ. பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, மெத்தில் ஆரஞ்சு இரண்டு சொட்டு. அளவுக்கோடுகள் போட்ட நீண்ட குழாயான பியூரெட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். மஞ்சள் நிறம் ஆரஞ்சாகத் திரும்பும் அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். சிவப்பாகிவிட்டால் தாண்டிப்போயிற்று என்று அர்த்தம். 0.10 கன செ.மீ. வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகும் அளவுகள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஆனால் அப்ளைட் சயின்ஸில் வேலை இதற்கு முன்பே தொடங்குகிறது. பிப்பெட் 25 என்று சொல்கிறதே, அது உண்மையா? தண்ணீரை எடுத்துத் தராசில் விட்டுப் பார். 20 டிகிரியில் ஒரு கன செ.மீ. தண்ணீர் 0.9982 கிராம். ஆக 25 கன செ.மீ. சுமார் 24.96 கிராம் காட்ட வேண்டும். எத்தனை தடவை எடுத்தாய், ஒவ்வொரு தடவையும் என்ன வந்தது, எழுது. தராசைத் தெரிந்த எடைக் கற்களால் சோதி. பிஎச் மீட்டரை, பிஎச் 4, 7, 10 என்று தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிசெய். இந்தச் சரிபார்ப்புக்கும் மதிப்பீட்டில் இடம் உண்டு.

அப்புறம் விளைவு வருகிறது. 24.60 கன செ.மீ. அமிலம் செலவாயிற்று என்றால், கணக்குப்படி அமிலத்தின் செறிவு 0.203 மோலார். இந்தப் படிப்பில் ஒரு யூனிட்டின் தேர்ச்சித் தரங்கள் பாஸ், அதற்கு மேல் மெரிட், அதற்கும் மேல் டிஸ்டிங்ஷன். இங்கே நிறுத்தினால் பாஸ். அளவெடுப்பு நேர்த்தியாக இருந்து, விளைவு துல்லியமாகவும் வந்தால் மெரிட். டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் இந்த 0.203ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்று வாதாட வேண்டும்.

அந்த வாதம் எப்படி இருக்கும் என்று ஒரு சின்ன மாதிரி. பியூரெட்டை இரண்டு தடவை வாசிக்கிறோம், ஒவ்வொன்றிலும் 0.05 கூடலாம், குறையலாம். ஆக 24.60இல் 0.10 பிசகலாம், அது 0.4 சதவீதம். துல்லியம் குறைந்த வகையான பி தர பிப்பெட்டின் அனுமதிக்கப்பட்ட பிழை 0.06, அது 0.24 சதவீதம். இரண்டு தசமம் காட்டும் தராசில் 2.65 கிராமுக்கு 0.01 பிசகினால் கிட்டத்தட்ட 0.4 சதவீதம். இப்போது பார்த்தால் விலை கூடிய பிப்பெட் வாங்கி அதிகப் பயனில்லை என்று தெரிகிறது. மூன்று தசமத் தராசுக்கு மாறினால் எடையின் பிழை பத்தில் ஒன்றாகிவிடும். அமிலத்தை இன்னும் நீர்க்கச் செய்து செலவாகும் அளவை 40 பக்கம் கொண்டுபோனால் பியூரெட் பிழை 0.25 சதவீதமாகும்.

இன்னொன்றும் இருக்கிறது. சோடியம் கார்பனேட்டைச் சூடாக்கி உலர்த்தாமல், போத்தலிலிருந்து அப்படியே எடுத்து நிறுத்தாயா? அது காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும். 2.65 கிராமில் கொஞ்சம் தண்ணீர். அப்படியானால் உண்மையில் இருக்கும் கார்பனேட் குறைவு, செலவாகும் அமிலமும் குறைவு, கணக்கில் அமிலத்தின் செறிவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். எத்தனை தடவை திருப்பிச் செய்தாலும் இந்தப் பிழை போகாது. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமாகவே இழுக்கும்.

பதினாறு வயதுப் பிள்ளை இதைத் தன் சொந்தக் கையால் எடுத்த எண்ணைப் பற்றி, தன் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். “மனிதப் பிழை காரணமாக வித்தியாசம் வந்தது, அடுத்த முறை கவனமாகச் செய்வேன்” என்று எழுதினால் டிஸ்டிங்ஷன் கிடைக்காது. எந்தப் பிழை, எந்தக் கருவியில், விளைவை எந்தப் பக்கம் தள்ளியது, எவ்வளவு என்று சொன்னால்தான் கிடைக்கும். இதைச் செய்யக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அறிவியலில் ஒரு முக்கியமான விஷயம் கையில் வந்துவிடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல பட்டதாரிகளிடமே இல்லாத பழக்கம் இது.

அதே யூனிட்டில் கலரிமெட்ரியும் வரும். காப்பர் சல்ஃபேட்டின் நீலக் கரைசலைச் செறிவு தெரிந்த சில மாதிரிகளாகத் தயாரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளந்து, வரைபடம் போட்டு, செறிவு தெரியாத மாதிரியின் செறிவை அதிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். கரைசல் நீலம், ஆனால் போட வேண்டியது சிவப்பு ஃபில்டர். நீலமாகத் தெரிவதற்குக் காரணமே அது சிவப்புப் பக்கத்து ஒளியை உறிஞ்சுவதுதான். இதைப் புரியாமல் நீல ஃபில்டர் போட்டுவிட்டு எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி எண் வருகிறது என்று திகைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தத் திகைப்பையும் ஆய்வகப் புத்தகத்தில் எழுதிவைத்தால் பிறகு கைகொடுக்கும்.

குளிர்தல் கோடு, குரோமட்டோகிராஃபி இரண்டையும் வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஸ்டியரிக் அமிலத்தை உருக்கி, ஆற விட்டு, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே போனால் 69 டிகிரிக்குப் பக்கத்தில் கோடு படுத்துவிடும். அங்கே அது உறைகிறது. பசளிக்கீரை மாதிரியான இலையை அரைத்துச் சாறெடுத்து மெல்லிய படலத் தகட்டில் ஓடவிட்டால் பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் நிறங்கள் பிரிந்து வரும், கரோட்டின் எல்லாவற்றுக்கும் மேலே போய் நிற்கும். தொடக்கக் கோட்டைப் பென்சிலால்தான் போட வேண்டும். பேனா மை கரைப்பானோடு சேர்ந்து தானும் ஓடத் தொடங்கிவிடும்.

யூனிட்டின் கடைசிப் பகுதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆய்வகத்தில் தன் திறன் எப்படி வளர்ந்தது என்று பிள்ளை தன்னைத் தானே மதிப்பிட்டு எழுத வேண்டும். நம் வீடுகளில் தன்னைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. “நான் குழுவாக நன்றாக வேலை செய்தேன்” என்று அரைப் பக்கம் எழுதிவிட்டு வந்துவிடுவார்கள். முதல் நாள் எடுத்த டைட்ரேஷன் அளவுகளுக்கும் கடைசி நாள் எடுத்தவற்றுக்கும் எவ்வளவு விலகல் என்று எடுத்துக் காட்டினாலே அது வலுவான சான்று. அதற்குப் பழைய தாள்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தர நிர்ணய விதியைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. கோர்ஸ்வொர்க் யூனிட்டில் மதிப்பெண் கூட்டல் கிடையாது. ஒரு யூனிட்டில் டிஸ்டிங்ஷன் வேண்டுமென்றால் அந்த யூனிட்டின் எல்லா டிஸ்டிங்ஷன் நிபந்தனைகளும், அவற்றோடு எல்லா மெரிட், எல்லா பாஸ் நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். டைட்ரேஷனில் அருமை, கலரிமெட்ரியில் அருமை, குரோமட்டோகிராஃபியில் அருமை, அந்தச் சுயமதிப்பீட்டில் மட்டும் மெரிட் என்றால் முழு யூனிட்டுக்கும் மெரிட்தான். பரீட்சையில் ஒரு கேள்வியை விட்டால் இன்னொன்றில் பிடித்துக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது.

உதவிக்கும் கட்டுப்பாடு உண்டு. பாடம் நடத்தும் காலத்தில் ஆசிரியர் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். ஒப்படைப்பு வேலை தொடங்கிய பிறகு, இதை இப்படி மாற்றினால் டிஸ்டிங்ஷன் வரும் என்று சொல்லக் கூடாது. திருத்திக் கொடுக்கும்போதும் எந்த நிபந்தனை நிறைவேறியது, எது நிறைவேறவில்லை என்பதைச் சொல்லலாம், எப்படித் திருத்துவது என்று வழிகாட்ட முடியாது. குறித்த நாளில் கொடுத்திருந்தால்தான் மறுபடி ஒரு தடவை சமர்ப்பிக்கும் வாய்ப்பு, அதற்கும் கல்லூரியின் உள்மதிப்பீட்டுப் பொறுப்பாளர் அனுமதி தர வேண்டும். திருத்தியதை இன்னொரு ஆசிரியர் சரிபார்ப்பார். வாரியத்திலிருந்தும் ஒருவர் மாதிரிகளை வாங்கிப் பார்ப்பார். காலக்கெடுவைத் தவறவிடும் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஏ லெவலைவிடக் கொடுமையானது. ஏ லெவலில் இரண்டு வருடம் சோம்பேறியாக இருந்துவிட்டுக் கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்துத் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே அக்டோபரில் தவறியது மே மாதம்வரை கூடவே வரும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கோர்ஸ்வொர்க்கின் கதி என்ன என்ற கேள்வி நியாயமானது. தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பு 2023இல் இதற்கென வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. வேலை தன்னுடையதுதான் என்று மாணவர் கையெழுத்திட வேண்டும், கருவிகளைப் பயன்படுத்தியிருந்தால் அதைச் சொல்ல வேண்டும், மறைத்தால் அது முறைகேடு. என் பார்வையில், கட்டுரைப் பாடங்களைவிட அப்ளைட் சயின்ஸ் இதில் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறது. ஆய்வகத்தில் கையால் எழுதிய மூல அளவுகள் இருக்கின்றன, ஆசிரியர் பார்த்து எழுதிய குறிப்பு இருக்கிறது. இயந்திரம் அழகான மதிப்பீட்டுப் பத்தி எழுதித் தரும். ஆனால் இந்தப் பிள்ளையின் மூன்றாவது டைட்ரேஷன் மட்டும் ஏன் 24.10 வந்தது, அன்று புனலை பியூரெட் வாயிலிருந்து எடுக்க மறந்ததாலா என்பது அதற்குத் தெரியாது.

ஏ லெவலோடு ஒப்பிடும்போது ஒரு விஷயம் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. 2015இலிருந்து கற்பிக்கப்படும் புதிய ஏ லெவல் உயிரியல், வேதியியல், இயற்பியலில் செய்முறைக்கு ஏ முதல் ஈ வரையான தரத்தில் நேரடிப் பங்கு இல்லை. குறைந்தது 12 செய்முறைகள் செய்து, அதற்குத் தனியாக ஒரு தேர்ச்சிக் குறிப்பு வாங்க வேண்டும். தரம் முழுக்க எழுத்துத் தேர்வில். செய்முறை அறிவைச் சோதிக்கும் கேள்விகள் அந்தத் தாள்களில் குறைந்தது 15 சதவீதம் இருக்கும், ஆனால் அவையும் தாளில்தான். கையில் நேர்த்தி உள்ள பிள்ளைக்கு ஏ லெவலில் அதற்கான மதிப்பு நேராகக் கிடைப்பதில்லை. அப்ளைட் சயின்ஸில் கிடைக்கிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஏ லெவலின் ஆழம் இதில் இல்லை. கணிதமும் குறைவு. கரிம வேதியியலில் வினைகளின் வழிமுறையை ஏ லெவல் மாணவர் எவ்வளவு தூரம் போய்ப் படிக்கிறாரோ, அவ்வளவு தூரம் சின்ன அளவு அப்ளைட் சயின்ஸ் போவதில்லை. பீடெக் வழியாகப் பல்கலைக்கழகம் போகிறவர்களில் முதல் வருடத்திலேயே விலகுகிறவர்களின் விகிதம் ஏ லெவல் வழியாகப் போகிறவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த விஷயம். அதற்குக் குடும்ப வருமானம், வேலை செய்துகொண்டே படிப்பது என்று பல காரணங்கள் கலந்திருக்கின்றன. ஆனால் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதும் பரீட்சைக்குப் பழக்கமில்லாததும் அதில் ஒன்று என்றே நினைக்கிறேன். பட்டப்படிப்புக்குப் போகத் திட்டமிடும் பிள்ளை கணிதத்தையோ உயிரியலையோ ஒரு ஏ லெவலாகச் சேர்த்து வைத்துக்கொண்டால் அந்த இடைவெளி நிறையக் குறையும்.

சேர்க்கைப் புள்ளிகளைப் பொறுத்தவரை பாகுபாடு இல்லை. எக்ஸ்டெண்டட் சர்டிஃபிகேட்டில் டிஸ்டிங்ஷனுக்கும் மேலான டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 56 யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) புள்ளி, டிஸ்டிங்ஷனுக்கு 48, மெரிட்டுக்கு 32, பாஸுக்கு 16. ஏ லெவலில் ஏ ஸ்டார் 56, ஏ 48, சி 32, ஈ 16. ஆனால் புள்ளி சமமாக இருப்பதும் கதவு திறப்பதும் ஒன்றல்ல. பாடத்தின் பெயரைச் சொல்லியே கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு.

முக்கியமாக மருத்துவம். நம் குடும்பங்களில் பாதிப் பேருக்கு மனதுக்குள் இருப்பது அதுதான், ஆகவே நேராகவே சொல்லிவிடலாம். இங்கிலாந்தின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் அப்ளைட் சயின்ஸை மட்டும் வைத்து நேரடியாக இடம் தருவதில்லை. வேதியியல், உயிரியல் ஏ லெவல் கேட்பதுதான் வழக்கம். பிள்ளை டாக்டர் ஆவதில் உறுதியாக இருந்தால் இது அவருக்கான பாதை இல்லை. பல் மருத்துவமும் அப்படியே. பார்மசியில் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்கள் எக்ஸ்டெண்டட் டிப்ளோமாவை ஏற்கும், ஆனால் அதற்குள் வேதியியல் யூனிட்கள் இருக்கிறதா என்று பார்க்கும்.

பயோமெடிக்கல் சயின்ஸ், நர்சிங், தடயவியல், உணவு அறிவியல், சுற்றுச்சூழல் அறிவியல், பாராமெடிக் படிப்புகளுக்கு இது நன்கு பழகிய பாதை. பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்றால் ஆஸ்பத்திரியில் நம் ரத்த மாதிரி போய்ச் சேரும் ஆய்வகத்தில் வேலை செய்பவர். சட்டப்படி பதிவு பெற்ற தொழில் அது. அங்கே ஒரு கருவியின் சரிபார்ப்புப் பதிவு இல்லாமல் எந்த முடிவும் வெளியே போகாது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேசத் தரமே அதைக் கேட்கிறது. பிப்பெட்டைத் தண்ணீர் விட்டு நிறுத்துப் பார்த்த பிள்ளை அந்தத் தொழிலின் அன்றாட வேலையைப் பதினாறு வயதிலேயே செய்யத் தொடங்கிவிட்டது.

விருப்ப யூனிட் பற்றிப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. மனித உடல் மண்டலங்கள், மரபியல், நோய்த்தொற்று, கரிம வேதியியல், மின்சுற்று, வானியல் என்று பட்டியல் நீளம். ஆனால் எதை நடத்துவது என்று பெரும்பாலும் தீர்மானிப்பது கல்லூரி, பிள்ளை அல்ல. எந்த ஆசிரியர் இருக்கிறார், என்ன கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நர்சிங் போக விரும்பும் பிள்ளை மின்சுற்று யூனிட் நடத்தும் கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

லேப் டெக்னீஷியனைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது பிள்ளைகளுக்குப் பிப்பெட், பியூரெட், சரியான செறிவில் கரைசல், ஊற்றிச் சிந்தினால் என்ன செய்வது என்ற குறிப்பு எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றி, மணி அடிக்கும் முன் வகுப்பில் கொண்டுவந்து வைப்பவர் அவர். எந்த ரசாயனம் எவ்வளவு ஆபத்து என்று பள்ளிகளுக்குச் சொல்லும் கிளீப்ஸ் அமைப்பின் ஹசார்ட் அட்டைகளை அவர்தான் அதிகம் வாசிப்பார். பிள்ளைகளும் அவற்றைப் பார்த்துத்தான் தங்கள் அபாய மதிப்பீட்டை எழுதுகிறார்கள். நல்ல டெக்னீஷியன் இல்லாத கல்லூரியில் இந்தப் படிப்பு தாளில்தான் நடக்கும்.

அரசியலையும் சொல்லாமல் விட முடியாது. 2020 ஆகஸ்டில் கொரோனாவால் பரீட்சை நடக்காமல் தரங்கள் கணிக்கப்பட்டபோது, ஏ லெவல் பிள்ளைகளின் குழப்பத்தை நாடே பேசியது. பீடெக் முடிவுகளோ, ஜிசிஎஸ்இ முடிவு வருவதற்கு முந்தைய நாள் மாலையில், மறுபடி கணக்கிட வேண்டும் என்று சொல்லி நிறுத்தப்பட்டன. பல்கலைக்கழக இடத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகள் மேலும் காத்திருந்தார்கள். முக்கியமான நேரத்தில் இந்தப் பிள்ளைகள் எப்போதும் இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

அதே 2020இல் டி லெவல் என்ற புதிய தொழிற்தகுதி தொடங்கியது. அதில் குறைந்தது 315 மணி நேரம் வேலையிடத்தில் பயிற்சி. மறு ஆண்டே, டி லெவலோடு மோதும் பீடெக்குகளுக்கு நிதியை நிறுத்தப்போவதாக அரசு அறிவித்தது. சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரிகள் கடுமையாக எதிர்த்தன. பதினாறு வயதில் எந்தத் தொழில் என்று தீர்மானிக்காத பிள்ளை எங்கே போவது என்பது அவர்களின் கேள்வி. ஏ லெவலோடு சேர்த்து எடுக்கக்கூடிய பாடம் அப்ளைட் சயின்ஸ், டி லெவலோ முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வது. ஆட்சி மாறி, மறுபரிசீலனை நடந்து, சில தகுதிகளின் முடிவுத் தேதி தள்ளிப்போயிற்று. ஒரு ஏ லெவல் அளவுக்கான அப்ளைட் சயின்ஸ் 2025 செப்டம்பரிலிருந்து புதிய பாடத்திட்டத்தோடு வந்திருக்கிறது. அடுத்த மாதமே அரசின் வெள்ளை அறிக்கை, ஏ லெவல், டி லெவல் இரண்டுக்கும் நடுவே வி லெவல் என்று இன்னொன்று வரும் என்று அறிவித்தது. இப்படி இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பெயரையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டிருந்தால் ஆசிரியர் எப்போது நிம்மதியாகப் பாடம் நடத்துவது, வேலை கொடுப்பவர் எப்போது அந்தத் தாளை அடையாளம் கண்டுகொள்வது?

ஆகவே கல்லூரியின் திறந்தநாள் மாலைக்குப் போகிறவர்கள் வெறும் கையோடு திரும்பாதீர்கள். நடத்துவது பழைய பாடத்திட்டமா, 2025இல் வந்ததா என்று கேளுங்கள். மேலே சொன்ன 58, 42 என்ற கணக்கு 2016 பாடத்திட்டத்துக்கானது. எந்த விருப்ப யூனிட், வாரத்துக்கு எத்தனை மணி ஆய்வகத்தில், டெக்னீஷியன் முழுநேரமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். போன வருட மாணவர்கள் எந்தப் படிப்புகளுக்குப் போனார்கள் என்று கேளுங்கள், கல்லூரி சொல்லும். பிள்ளைக்கு ஏதாவது ஒரு பட்டப்படிப்பு மனதில் இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தில் அப்ளைட் சயின்ஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று அன்றிரவே பார்த்துவிடுங்கள். சந்தேகமானால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் சேர்ந்த பிறகும் முதல் சில வாரங்களுக்குள் பாடம் மாற்றிக்கொள்ளப் பெரும்பாலான கல்லூரிகள் இடம் தருகின்றன. அந்த வாரங்களில் பிள்ளையின் ஆய்வகப் புத்தகத்தை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். அளவுகள், அடித்தல் திருத்தல், பக்கத்தில் “இது ஏன் கூடிற்று?” என்று அவர்கள் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தால் கவலைப்படாமல் விட்டுவிடலாம். பக்கங்கள் வெள்ளையாக இருந்தால், அந்த வாரமே ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.